புதுத் தட்டில் எண்ணெய்

டுலூத் நகரத்து மதிய வெயில் வெளியே பனியில் பட்டு, அடுக்களைக்குள் பாலாகப் பரவுகிறது. நேற்றுதான் உறை பிரித்த புது டிவிடி படத்தட்டை விளிம்பில் மட்டும் பிடித்தபடி வெர்லின் ஜன்னலோரம் சாய்க்கிறார். ஆலையிலிருந்தே ஒட்டிவந்த எண்ணெய்ப் படலத்தில் வானவில் நெளிகிறது. ஒரு சொட்டு சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்கிறார். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். தட்டின் பளபளப்பில் விரல் வைத்தவர்களை அவர் மன்னித்ததே இல்லை.

"நேத்து படம் பாதியில நின்னுச்சே, இந்த எண்ணெயாலதான்" என்கிறார்.

அவர் மனைவி மாரிட் காபியை ஊதுகிறார். நேற்று அந்தப் பழைய படம் உறைந்த இடத்தில், துறைமுகக் கூட்டத்துக்கு நடுவே, கூட்டத்தில் ஒருத்தியாக நடிக்கப்போன பத்தொன்பது வயது மாரிட் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொடச்சிட்டா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நான் போயிருவேன்."

"நிறுத்தி வெச்சுப் பாத்துக்கலாமே."

"நீ நிறுத்தறது வேற. நேத்து அதுவா எனக்காக நின்னுச்சு."

துணி அந்தரத்தில் நிற்கிறது. கூரையிலிருந்து பனி சரியும் ஓசை. வெர்லின் தட்டின் துடைத்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பளபளப்பின் மேல் தன் கட்டைவிரலை மெதுவாக அழுத்துகிறார்.