மூன்றாவது பெயர்

“மணி ஆறே முக்கால். ஏழு மணிக்குள்ள டீச்சருக்கு அனுப்பியாகணும். அவ இன்னும் ஒரு ஸ்லைடுகூட அனுப்பலையே!” லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்தாள் மூவர் குழுவின் லீடர்.

“பத்து தடவை கூப்பிட்டுட்டேன். போனை எடுக்கவே மாட்டேங்கறா,” என்றாள் போனில் சோடாபுட்டி.

“மழை எப்படி உருவாகுதுன்னு நான் ஆறு ஸ்லைடு, நீ நாலு. அம்புக்குறியெல்லாம் நகர வைக்க ஒரு வாரம் மண்டையை உடைச்சிருக்கோம். மார்க் மட்டும் மூணா பிரிச்சுக்கணுமா?”

அப்போதுதான் மூன்றாமவளின் ஸ்லைடு வந்து விழுந்தது. கோணலாக ஒரு போட்டோ. பாத்திர மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். கீழே, ‘மூடிக்குள் மழை பெய்கிறது.’

“‘இப்படியே இருக்கட்டும், யாரும் கை வைக்காதீங்க’ன்னு மெசேஜ் வேற. திமிரைப் பாரு!”

“சின்னப் புள்ள செஞ்ச மாதிரி இருக்கு. நம்ம ஸ்லைடு பக்கத்துல வச்சா மானமே போயிடும். தூக்கிடு. பேரையும் சேர்த்துத் தூக்கிடு!”

இன்னும் எட்டே நிமிடம். லீடர் முதல் ஸ்லைடில் இருந்த மூன்றாவது பெயரை அழித்தாள். அடுத்து அந்தப் போட்டோவை அழிக்கப் போனபோது யாரோ தோளைச் சுரண்டினார்கள்.

மூன்றாம் வகுப்புச் சீருடையைக்கூட மாற்றாமல் மகள் நின்றிருந்தாள்.

“அதை அழிக்காதம்மா. நாளைக்கு கிளாஸ்ல நான்தானே பேசணும்? அது ஒண்ணுதான் எனக்குப் புரியுது.”