கோட்டை விட்ட இடம்

குடியிருப்போர் சங்கத்தின் சதுரங்க இறுதிப் போட்டியில் மனைவியின் தம்பியிடம் தோற்றுவிட்டு வந்த வக்கீல், சாப்பாட்டு மேஜையில் பலகையை விரித்தார்.

"தோத்தா முட்டாள்தான் மூஞ்சியைத் தொங்கப் போடுவான். மூளை உள்ளவன் எங்க தப்புன்னு அலசுவான்."

"நல்லா அலசுங்க. கோப்பை அவன் வீட்டுக்குப் போயாச்சு" என்றாள் மனைவி.

ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்திப் பார்த்தார். குதிரை சரி, ராணியும் சரி. கடைசி நிலையில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் இரண்டே நகர்த்தலில் எதிராளியின் ராஜா காலி! ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து வந்திருக்கிறார்.

உடனே மச்சானுக்குப் போன் போட்டார்.

"டேய், நான் ஜெயிக்கப் போறது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் அத்தான். தோத்துட்டேன்னு சொல்லத்தான் கை நீட்டினேன்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"எங்க விட்டீங்க? வாயைத் திறக்கறதுக்குள்ள, 'ரொம்ப ஆடாதே, ஜெயிச்சது நீதான், போ'ன்னு என் கையைக் குலுக்கிட்டீங்க. நடுவரும் என் பேரை அறிவிச்சுட்டார்."

பக்கத்தில் நின்று கேட்ட மனைவி சிரித்தாள்.

"அப்போ தப்பு காயில இல்லை, வாயில!"