செல்யூக்கஸ் வைத்தியம்

“வாயைத் தொறக்காத. நாடி பேசட்டும்” என்றார் லாசர். மகன் ஜூடுவின் மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

“வயிறு சரியில்லப்பா. மேலூர்ல புரோட்டா தின்னது.”

“நாலு நாளாவா? இது மனசு. ஞாயித்துக்கெழம திருப்பரங்குன்றத்துப் பொண்ணு வீட்டுக்கு வாக்குக் குடுக்கணும். நீ யாரையாச்சும் நெனச்சிருந்தா அதுக்குள்ள எனக்குத் தெரியணும். பக்குவமாக் கேக்குறதுக்கு ஒங்கம்மாவும் இல்ல.”

லாசர் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார்; இந்த வைத்தியமும் வரலாற்றில் படித்ததுதான். கிரேக்கத் தளபதி செல்யூக்கஸ் தனக்கென்று ஓர் அரச வம்சத்தையே உண்டாக்கியவன். அவன் மகனும் இப்படித்தான் படுத்துவிட்டானாம். வைத்தியர் நாடியைப் பிடித்தபடி அரண்மனைப் பெண்களை ஒவ்வொருவராக வரச் சொன்னார். செல்யூக்கஸின் இளைய மனைவி வந்ததும் நாடி எகிறியது. அவளையே மகனுக்குக் கட்டிவைத்துவிட்டான்.

அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு வர்ஷினி உடம்பு விசாரிக்க வந்தாள். நாடி எகிறவில்லை. சர்ச்சில் பாடும் ஜாய்ஸ் வந்தாள். ம்ஹூம்.

அடுத்து, லாசரோடு வேலை பார்த்த ஆனிமேரி டீச்சர் கஞ்சித் தூக்கோடு நுழைந்தார். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர். கூடவே அவருடைய அக்கா மகள், நர்ஸ் ஐரின்.

நாடி குதித்தது.

“மாட்டிக்கிட்டான். ஐரின், ஒன்னையத்தாம்மா நெனச்சிக்கிட்டுக் கெடக்கான்.”

“நாடியப் பாத்துப் பிடிச்சிட்டுப் போக நான் என்ன சந்தை மாடா, அங்கிள்? என்னையக் கேக்க வேணாமா?” ஐரின் விறுவிறுவென்று வெளியே போய் நின்றாள். “நான் போயிட்டேன். இப்பப் பாருங்க.”

பார்த்தார். நாடி இறங்கவில்லை.

“ஒங்களுக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன். சாப்ட்டீங்களா சார்?” என்றார் ஆனிமேரி, கஞ்சியை ஆற்றியபடி. நாடி இன்னும் வேகமெடுத்தது.

லாசரின் முகம் வெளுத்துவிட்டது. “அடப்பாவி, டீச்சரையாடா? அப்படியே செல்யூக்கஸ் கதையாப் போச்சே.”

“எப்பா, சத்தியமா வயித்துக் கடுப்புப்பா” என்று ஜூடு எழுந்து உட்கார்ந்தான்.

ஐரின் உள்ளே வந்து லாசரின் கையைப் பார்த்தாள். ஆனிமேரியைப் பார்த்தாள். முதல்முறையாகச் சிரித்தாள்.

“அங்கிள், கட்டைவிரல வச்சுப் பாத்தா துடிக்கிறது ஒங்க நாடிதான்.”