ஆல் இந்தியா லைசென்ஸ்

"மிலிட்டரி சார், அந்த பீரங்கிய கொஞ்சம் அந்தாண்ட திருப்பு. வெடிச்சா எவன் பதில் சொல்றது?"

டிரைவர் முகிலன் கண்ணாடியப் பார்த்துக் கத்தினான். தாம்பரத்துலேர்ந்து மேடவாக்கம் போற அந்த ஷேர் ஆட்டோவே குலுங்கிச் சிரிச்சுது.

வேதசிரோமணி மட்டும் சிரிக்கல. பட்டாளத்துல ரிட்டயர் ஆகி, இப்போ பேங்க் வாசல்ல காவல். சொந்தத் துப்பாக்கி இருந்தாத்தான் அந்த வேலை. ரெட்டைக் குழல் துப்பாக்கிய முட்டிக்கு நடுவுல நிறுத்தி, முறுக்கு மீசையோட விறைப்பா உக்காந்திருந்தாரு.

"இத்த பேங்க்லயே பூட்டி வெக்கலாம்ல சார்?" மீன் கூடையோட முனியம்மா கேட்டா.

"பொறுப்பும்மா. கைய விட்டுப் போகக் கூடாது."

"பொறுப்பும்மா!" முகிலன் அதே குரல்ல, இல்லாத மீசைய முறுக்கினான். திரும்ப சிரிப்பு.

கேம்ப் ரோடுல செக்கிங். எலெக்‌ஷன் நேரம். இன்ஸ்பெக்டர் சுபத்ரா கைய காட்டினாங்க.

"எலெக்‌ஷன் முடியற வரைக்கும் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், தெரியாதா சார்?"

"பேங்க் காவலுக்கு விலக்கு இருக்கும்மா. இதோ லெட்டர்."

"சரி. ஒருவாட்டி தொறந்து பார்த்து எழுதிக்கறேன். குடுங்க."

பெரியவரு துப்பாக்கிய மார்போட அணைச்சுக்கிட்டாரு.

"முடியாது. இது ஆல் இந்தியா லைசென்ஸ். டெல்லி குடுத்தது. ஸ்டேட் போலீஸ் தொடக் கூடாது!"

"லைசென்ஸ் டெல்லி குடுக்கட்டும். இந்த ரோட்டுல யார் தூக்கிட்டுப் போறாங்கன்னு நான்தான் பார்க்கணும்."

"சட்டம் சென்ட்ரலோடதும்மா!"

"ரோடு தமிழ்நாட்டோடது சார்!"

"அட, பார்லிமென்ட்டே என் ஆட்டோக்குள்ள நடக்குது," முகிலன் முணுமுணுத்தான்.

"கெழத்துக்கு இன்னா திமிரு பாரு," முனியம்மா.

"காட்டலைன்னா பறிமுதல். அப்புறம் வேலையும் போயிடும், பார்த்துக்குங்க."

வேலைன்னதும் பெரியவரு அடங்கிட்டாரு. கீழ எறங்கி, துப்பாக்கிய நீட்டினாரு.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கிய மடக்கித் தொறந்து, ஒரு கண்ண மூடி வானத்தப் பார்த்துப் பிடிச்சாங்க. முகிலனும் பின்னால போய் எட்டிப் பார்த்தான்.

ரெண்டு ஓட்டை வழியாவும் வானம் தெரியணும். தெரியல. கும்மிருட்டு. உள்ள ஈயம் காய்ச்சி ஊத்தி அடைச்சிருந்துது.

"என்ன சார் இது?" இன்ஸ்பெக்டர் குரல் எறங்கிடுச்சு.

"நாலு வருஷம் முன்னாடி, க்யூல நின்ன ஒரு பாப்பா வெளையாட்டா விசைய இழுத்துட்டா. சீலிங்தான் போச்சு. மறுநாளே நான் அடைச்சுட்டேன். திருடன் பயப்படறதுக்கு இதோட உருவம் போதும்மா. வெளிய தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாங்க."

முகிலனுக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. நாலு வருஷமா ஒரு பேங்க்க வெறும் மீசைய வெச்சே காவல் காத்துகினு கீறாரா இந்த மனுஷன்!

இன்ஸ்பெக்டர் நோட்டுல எழுதினாங்க: 'பரிசோதித்தேன். யாருக்கும் ஆபத்து இல்லை.'

அப்புறம் ஆட்டோவுக்கே கேக்கற மாதிரி, "சென்ட்ரலும் ஓகே, ஸ்டேட்டும் ஓகே. கெளம்புங்க சார்." துப்பாக்கிய ரெண்டு கையாலயும் குடுத்தாங்க.

ஆட்டோ கெளம்பிச்சு. முனியம்மா வெரல குழல் வாய்க்குக் கொண்டு போனா.

"இன்னாத்த அம்மாம் நேரம் பார்த்தாங்க? நெசமாவே வெடிக்குமா இது?"

பெரியவரு கண்ணாடி வழியா முகிலனையே பார்த்தாரு.

முகிலன் சடார்னு பிரேக் போட்டான்.

"யக்கா, கைய எடு! ரெண்டு குழல்லயும் தோட்டா கீது, என் கண்ணால பார்த்தேன். வெடிச்சா எவன் பதில் சொல்றது?"