ட்ரெய்லர் ஓட்டி வந்தவர்

கிடங்கு மேலாளருக்கு வண்டி என்றால் உயிர். உள்ளே வரும் ஒவ்வொரு லாரியைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் சொல்வார். வாட்ச்மேன்தான் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

அன்று நாற்பதடி ட்ரெய்லர் ஒன்று குறுகலான சந்துக்குள் பின்பக்கமாகவே நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட இடமில்லை.

"பாருய்யா! ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிறதுதான் டிரைவருக்குப் பரீட்சை. இடப்பக்கம் ஒடிச்சா பின்னாடி வலப்பக்கம் போகும்."

"அவ்வளவு கஷ்டமா சார்?"

"பின்ன? நான் காரையே ரிவர்ஸ்ல சுவத்துல இடிச்சிருக்கேன். கைன்னா இதுதான்யா கை! இந்த ஆளுக்கு நானே டீ வாங்கித் தரேன்."

ட்ரெய்லர் அலுங்காமல் நின்றது. கதவைத் திறந்து இறங்கியது ஒரு பெண். மேலாளரின் முகம் வெளிறிப்போனது.

"தெரிஞ்சவங்களா சார்?"

"என் சம்சாரமா இருந்தவ."

கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவள் கேட்டபோதெல்லாம், "கரண்டி பிடிக்கிற கைக்கு ஸ்டீயரிங் எதுக்கு?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தவர் அவர். அவள் பிரிந்துபோய் எட்டு வருடமாகிவிட்டது.

அவள் ரசீதை நீட்டினாள்.

"சரக்கு வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

கோபமாகவாவது ஒரு தடவை பார்ப்பாள் என்று காத்திருந்தார். அவள் கண் அவர் கையிலிருந்த பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.