வேண்டாம் என்ற நன்கொடை

"வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் நர்சம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

நிர்வாகக் குழுவில் ஒருவருக்கும் காதில் விழுந்தது நம்பும்படியாக இல்லை.

"யாரு வேண்டாம்னது? கான்ட்ராக்டரா?" என்று தலைவர் கேட்டார். பெரிய ஜவுளிக்கடைக்குச் சொந்தக்காரர்.

"இல்லீங்க. நான்தான்."

புற்றுநோய் மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில், வெளியூர் நோயாளிகளின் குடும்பங்கள் இலவசமாகத் தங்க இவர்கள் ஒரு விடுதி நடத்துகிறார்கள். அறை போதாமல் நடையிலும் மாடிப்படிக்கு அடியிலும் ஆட்கள் படுக்கிறார்கள். மாடி எழுப்பப் போட்ட தூண்கள் கம்பியை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

ஆண்டு விழாவில் கான்ட்ராக்டர் மைக்கைப் பிடித்து, "மாடி முழுக்க என் பொறுப்பு" என்றபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவருடைய அம்மாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட பழக்கத்தில் அவரை அழைத்து வந்தவர் நர்சம்மா. யார் ஆளைக் கூட்டி வருகிறார்களோ அவர்களே போய்ப் பணத்தையும் வாங்கி வர வேண்டும். அது இந்தக் குழுவின் ஏற்பாடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து குழுவில் இருக்கும் நர்சம்மா கூட்டி வந்த முதல் ஆள் இவர்தான்.

"ஏம்மா, நாங்க ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கி, பல்லைக் காட்டி வாங்கிட்டு வர்றோம். நீங்க தானா வர்ற பணத்தை..." தலைவருக்கு மூச்சு வாங்கியது.

"காரணம்னு ஒண்ணு இருக்கணுமே" என்றார் ஆடிட்டர். "கணக்குல வராத பணமா?"

"சேச்சே. தங்கமான மனுஷன்."

"அவர் பேரைப் பெரிசாப் போடச் சொன்னாரா?"

"அதெல்லாம் கேக்கவே இல்லை. எனக்குச் சரியாப் படலை, வாங்கலை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? உங்களுக்கு என்ன தலையில கொம்பா முளைச்சிருக்கு?"

நர்சம்மா சிரித்தார். "இது ஊசி போடற கை. கேட்டு வாங்கற கை இல்லைன்னு வெச்சுக்குங்களேன்."

"அப்ப குழுவுல எதுக்கும்மா இருக்கீங்க?"

கேட்ட பிறகு தலைவருக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு ராஜினாமாக் கடிதத்தோடு வரச் சொன்னார்கள்.

நர்சம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"குழுவுல இல்லாட்டியும் விடுதிக்குள்ள விடுவீங்கல்ல? கடைசி ரூம்ல இருக்கற பொண்ணுக்குத் தினம் நான்தான் கட்டு மாத்தறேன்."

தலைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கான்ட்ராக்டரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு, எப்படியாவது பணத்தை வாங்கி வரும் பொறுப்பு வக்கீலம்மாவின் தலையில் விழுந்தது. குழுவுக்குப் புதியவர். அவருக்குப் பணத்தைவிடக் காரணம்தான் உறுத்தியது. கறுப்புப் பணம் இல்லை, விளம்பர ஆசை இல்லை, சண்டையும் இல்லை. பிறகு எதற்காக ஒருத்தர் வேண்டாம் என்பார்?

கான்ட்ராக்டரின் அலுவலகத்தில் ஆட்கள் இல்லை. கம்ப்யூட்டர்கள் உறை போட்டு மூடியிருந்தன. அவரே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"நடந்தது தப்புதான். மன்னிச்சுக்கணும்..." என்று வக்கீலம்மா தொடங்கினார்.

"தப்பு என் மேலதாங்க. நீங்க எதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு?"

"இல்லை, நர்சம்மா ஏதோ யோசிக்காம..."

"அக்கா என்ன பண்ணுவாங்க, பாவம். மேடையில சொன்னப்ப கையில இருந்துச்சுங்க. அப்புறம் முடிச்ச வேலைக்கு வரவேண்டிய பணம் மொத்தமா நின்னுபோச்சு. வீட்டுப் பத்திரம்கூட அடமானத்துல. 'அக்கா, என்னால முடியாது'ன்னு அவங்க முன்னாடி உக்காந்து அழுதுட்டேன்."

வக்கீலம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முடியாதுன்னு சொன்னது நீங்களா?"

"நான்தாங்க. மேடையேறிச் சொன்ன வாக்கு காத்துல போச்சுன்னு வெளிய தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது. சிமென்ட் கடையில சரக்கு தரமாட்டாங்க. வீடு கட்டித் தரச் சொல்லி முன்பணம் கொடுத்தவங்கல்லாம் வாசல்ல வந்து நிப்பாங்க. கொஞ்ச நாள் தாக்குப்பிடிச்சா எழுந்துருவேன். அக்கா குழுவுல சொல்லித்தானே ஆகணும்? சொன்னதும் ஊரெல்லாம் பரவிடும்னு பயந்துக்கிட்டே இருக்கேன். இன்னிவரைக்கும் ஒருத்தர்கூட வந்து கேக்கலை. அதுதாங்க எனக்குப் புரியலை."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "உங்க குழுவுல என்னைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க?"

"தங்கமான மனுஷன்னு பேசிக்கிட்டாங்க."

அவர் நம்பாமல் பார்த்தார். வக்கீலம்மா வேறு எதுவும் சொல்லாமல் எழுந்துகொண்டார்.

தெருவுக்கு வந்ததும் கைப்பேசி அடித்தது. தலைவர்தான்.

"என்ன வக்கீலம்மா, ஆளைப் பிடிச்சீங்களா? என்ன சொல்றாரு? இன்னும் தர்ற எண்ணத்துலதான் இருக்காரா?"

வக்கீலம்மா திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கான்ட்ராக்டர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"அவர் தயாராத்தாங்க இருக்காரு. வாங்க எனக்கும்தான் மனசு வரலை. நர்சம்மாவை அனுப்பறதுன்னா, ராஜினாமாக் கடிதம் ரெண்டு வரும். மாடியைக் கட்டறதுன்னா சொல்லுங்க, வேற ஆளைத் தேடி நாங்க ரெண்டு பேரும் கிளம்பறோம்."