வேலி இல்லாத கூடாரம்

"சிங்கம் எவ்வளவு பக்கத்துல வரும்?"

டிராவல்ஸ்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஐம்பது தாண்டிய மனிதர். ஆப்பிரிக்கச் சரணாலயத்துக்குப் போகிறவர்கள் சுடுதண்ணீர் வருமா, கொசு கடிக்குமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"ஜீப்பை ஒட்டியே வரும் சார். பயப்படாதீங்க, தங்குற இடத்தைச் சுத்தி மின்வேலி இருக்கு."

"வேலியா? வேலியே இல்லாத இடம் கிடைக்காதா?"

"ஒண்ணு இருக்கு. வெறும் துணிக் கூடாரம். மிருகங்க பக்கத்துலயே நடமாடும்..."

"அதையே போட்டுடுங்க!" அவர் முகம் பிரகாசமானது.

"ரெண்டு பேருக்குத்தானே?"

"இல்லை, என் சம்சாரத்துக்கு மட்டும். ஜீப்பை விட்டு இறங்கி நடக்கவும் விடுவாங்களாமே, அதையும் சேர்த்துக்குங்க."

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். பெண்டாட்டியைத் தீர்த்துக்கட்டிவிட்டு விபத்து என்று சொன்னவர்களைப் பற்றிப் பேப்பரில் எவ்வளவு படித்திருக்கிறாள்!

"மேடத்துக்குச் சம்மதமா சார்?"

"அவ எங்கே மறுக்கப் போறா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அவங்க நேர்ல வந்தாத்தான் புக்கிங் போட முடியும்," என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

மறுநாளே மனைவியோடு வந்து நின்றார். அந்த அம்மாளுக்கு ஒடிசலான உடம்பு, அதிர்ந்து பேசாத குணம். நாற்காலியில் உட்கார்ந்தபோது புடவைத் தலைப்பு விலகி, முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது. அது புருஷன் அடித்த தழும்புதான் என்று டிராவல்ஸ்காரம்மா முடிவே கட்டிவிட்டாள்.

காரை நகர்த்தச் சொல்லி வெளியே யாரோ சத்தம் போட, கணவர் எழுந்து போனார். டிராவல்ஸ்காரம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் நீங்க மட்டும் தனியாப் போகணும், வேலி இருக்கக் கூடாது, காட்டுல இறங்கி நடக்கணும்னு கேக்கறார். எனக்கு என்னமோ சரியாப் படலை. இந்தப் பயணம் வேண்டாம். போலீசுக்குப் போகணும்னாலும் நான் கூட வர்றேன்."

அந்த அம்மாள் திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"நல்லாக் கேட்டே போ! அவர் பூனையைக் கண்டாலே நாற்காலி மேல ஏறி நிப்பாரும்மா, அவரா காட்டுக்கு வருவார்? உன்கிட்ட கேட்டதெல்லாம் என் ஆசை."

டிராவல்ஸ்காரம்மாவின் பார்வை முழங்கைத் தழும்புக்குப் போனது.

"இதுவா? சிங்கக்குட்டி ஒண்ணு பிறாண்டினது. மிருகக்காட்சி சாலையில சிங்கக் கூண்டு பார்த்துக்கிறதுதான் என் வேலை, இந்த மாசத்தோட ரிட்டயர் ஆகறேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அந்த அம்மாள். "என் கையால பால் குடிச்ச குட்டிங்க அத்தனையும் கம்பிக்குள்ளேயே கிழடாகிச் செத்துதுங்க, இஷ்டத்துக்கு நடந்து போற ஒரு சிங்கத்தையாவது கண்ணால பார்த்துட்டாத்தான் எனக்கு வீட்டுல உட்கார மனசு வரும்."